இரண்டு கால் கிரிஸ்டலை வாங்கிவிடாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குச் சாமான் வாங்க இரண்டு நடை. இரண்டு சனிக்கிழமை அதிலேயே போனது. நான் செய்ய நினைத்ததோ சோப்பு டப்பாவுக்குள் அடங்கிவிடும் ஓர் ஏஎம் ஒலிபரப்பி.

அப்பா பால்மரம் வெட்டிய காலத்து டிரான்சிஸ்டர் ரேடியோ இன்னும் நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் மத்திய அலை (ஏஎம்) மட்டும்தான். தமிழ் வானொலி மின்னல் எஃப்எம் அதில் எப்படி வரும்? முள்ளை எங்கே திருப்பினாலும் இரைச்சல். போனில் ஓடும் பழைய பாட்டை 1000 கிலோஹெர்ட்ஸில் அந்த ரேடியோவுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று இறங்கினேன்.

சர்க்யூட் சுலபம்: 1 மெகாஹெர்ட்ஸ், அதாவது அதே 1000 கிலோஹெர்ட்ஸ் அலையை உண்டாக்கும் ஆசிலேட்டர், 1000 ஓம் – 8 ஓம் ஆடியோ டிரான்ஸ்பார்மர், பேட்டரி, இயர்போன் பிளக், கொஞ்சம் வயர். போனின் சத்தம் 8 ஓம் பக்கம் நுழையும். 1000 ஓம் பக்கத்தை பேட்டரிக்கும் ஆசிலேட்டருக்கும் நடுவில் போட வேண்டும். பாட்டுக்குத் தகுந்தபடி வோல்ட் ஏறி இறங்க, அலையும் பெரிதாகிச் சிறிதாகும்.

ஆசிலேட்டர் கேட்டதற்குக் கடை முதலாளி தவுக்கே எடுத்துத் தந்தது இரண்டு கால் உள்ள குட்டி கிரிஸ்டல். போனில் இருந்த படத்தைக் காட்டி, "இதற்கு நாலு கால் இருக்கிறதே?" என்று மலாயில் கேட்டேன். "சாமா லா" (எல்லாம் ஒன்றுதான்) என்று பையில் போட்டுவிட்டார். நம்பி வாங்கி வந்தேன். ரேடியோ மூச்சு விடவில்லை. என் ஈயப்பற்று சரியில்லை என்று நினைத்து இரண்டு இரவு பிரித்துப் பிரித்து ஒட்டினேன்.

இரண்டு கால் கிரிஸ்டல் தானாக அதிராது. அதை அதிரவைக்கத் தனியாக ஒரு டிரான்சிஸ்டர் சர்க்யூட் வேண்டும். நாலு கால் ஆசிலேட்டரின் தகர டப்பாவுக்குள் அது சேர்ந்தே இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை திருப்பிக் கொடுக்கப் போனால், காலில் ஈயம் பட்டுவிட்டது, மாற்ற முடியாது என்றார்கள். வயிறு எரிந்தது. இரண்டு கடை தள்ளி சரியானது 9 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைத்தது. காசு கொடுக்கும் முன் காலை எண்ணிப் பாருங்கள். டப்பாவின் ஒரு மூலை மட்டும் கூராக இருக்கும். அங்கே இருப்பது 1-ஆம் கால், அதில் எதையும் இணைக்க வேண்டாம். கால் நாலுதான் என்றாலும் எண் 14 கால் சிப்பின் வரிசைப்படி வரும்: 7 தரை, 8 வெளியீடு, 14 மின்சாரம்.

டிரான்ஸ்பார்மர் எந்தக் கடையிலும் இல்லை. செத்துப்போன ஒரு பாக்கெட் ரேடியோவிலிருந்து கழற்றினேன். எந்தப் பக்கம் எது என்று மல்டிமீட்டர் சொல்லிவிடும்: ஏறத்தாழ 1 ஓம் காட்டினால் அது 8 ஓம் பக்கம், பல பத்து ஓம் காட்டினால் அது 1000 ஓம் பக்கம். நான் முதலில் மாற்றிப் போட்டு, கொசு பாடுவது மாதிரி ஒரு சத்தத்தைத்தான் கேட்டேன்.

அப்புறம் பேட்டரி. நான் பார்த்த வரைபடத்தில் 9 வோல்ட் போட்டிருந்தது. போட்டதும் ஆசிலேட்டர் டப்பா தொட முடியாத அளவுக்குச் சுட்டது. அது 5 வோல்ட் சாமான். நாலு ரீசார்ஜ் பேட்டரி, மொத்தம் 4.8 வோல்ட், அதுவே போதும்.

வெளியீட்டுக் காலில் ஏரியலாகக் கட்டும் வயரை நீட்டிக்கொண்டே போகலாம் என்ற ஆசை வரும், வேண்டாம். அலைவரிசை ஒதுக்கீடு இல்லாமல் ஒலிபரப்பினால் 1998-ஆம் ஆண்டு தொடர்பு பல்லூடகச் சட்டம் பாயும். நான் ஒரு மீட்டரோடு நிறுத்திக்கொண்டேன். ரேடியோவுக்குப் பக்கத்திலேயே வைத்தால் அது தாராளம், சத்தம் அடுத்த வீட்டுக்குப் போவதில்லை.

கடைசியாக ஒரு ரீங்காரம் மட்டும் போகவே இல்லை. ஒரு மணி நேரம் தேடிய பிறகுதான் தெரிந்தது, போன் சார்ஜரில் இருந்தது. பிளக்கைப் பிடுங்கியதும் ரீங்காரம் நின்றது. போனின் சத்தத்தைப் பாதிக்குக் குறைத்ததும் கரகரப்பும் போனது. வீட்டு முன் அஞ்சடியில் உட்கார்ந்திருந்த அப்பா ரேடியோவைக் காதருகே தூக்கிவைத்துக்கொண்டு, "எந்த ஸ்டேசன்டா இது?" என்று கேட்டார்.