நெல்லிக்காய் அளவில் ஒரு பெருமாள்

“சாளக்கிராமம் அடை நெஞ்சே” என்று திருமங்கையாழ்வார் பாடிவிட்டார். அந்தச் சாளக்கிராமமாகச் சேவிக்கப்படும் நேபாளத்து முக்திநாத்தை அடைவதற்குள் பொக்ராவில் இரண்டு நாள் தவம் கிடந்தோம். அங்கிருந்து விமானத்தில் போகவேண்டிய ஜோம்சோமில் வெயில் ஏறினால் காற்று எழும்பிவிடும், விமானம் இறங்காது. அழைத்துவந்த ஏற்பாட்டாளர் போனையே எடுக்கவில்லை. எழுபத்தாறு வயது அம்மா மட்டும் அசராமல் ஸஹஸ்ரநாமம் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த யாத்திரை அப்பாவின் வேண்டுதல். அவர் பரமபதித்து நாலு வருஷம் கழித்துத்தான் கூடிவந்தது.

காக்பேனியில் காளி கண்டகிக் கரையில் அவருக்குத் தர்ப்பணம் செய்தேன். கரையெல்லாம் சாளக்கிராமக் கல் வியாபாரம், பெருமாளாகவே பூஜிக்கிற கல். சுதர்சனம், லக்ஷ்மி நரசிம்மம் என்று வாய்க்கு வந்த பெயர். விலை ஆளைப் பார்த்து. அதில் பாதி உளியால் கீறியது. கை அலம்பக் குனிந்தபோது தண்ணீரில் கிடந்தது இந்தக் கல். நெல்லிக்காய் அளவு, கன்னங்கறுப்பு, ஒரு பக்கம் தெறித்துச் சக்கரம் தெரிந்தது.

எங்கள் குழுவில் ரிட்டயர்டான ஜியாலஜி வாத்தியார் ஒருவர். லென்ஸ் வைத்துப் பார்த்தார். “நத்தைன்னா உள்ளே ஒரே குழாய். இதுல குறுக்கே குறுக்கே சுவர், அறை அறையா இருக்கு பாருங்கோ. அம்மோனைட்தான், அழிஞ்சுபோன கடல் பிராணியோட ஓடு.” வரிகள் நடுவிலிருந்து ஒற்றையாகக் கிளம்பி, ஓரத்துக்குப் போகும் வழியில் இரண்டாகப் பிரிந்தன. கட்டைவிரல் நகத்துக்குள் அத்தனை வேலைப்பாடு! ஜுராசிக் காலக் கடைசி, சுமார் 15 கோடி வருஷமாம். இமயமலை எழும்புமுன் இங்கிருந்த டெதிஸ் கடலின் சேற்றில் புதைந்து, ஸ்பிதி ஷேல் என்ற கறுப்புப் பாறையிலிருந்து உருண்டையாக ஆற்றில் வந்து விழுகிறது. பெரிஸ்பிங்டிட் என்ற அம்மோனைட் கூட்டம் மாதிரி இருக்கிறது, இன்ன இனம் என்று சொல்ல உடைத்து ஓரத்தைப் பார்க்கவேண்டும் என்றார்.

“உடைக்கறதாவது!” அம்மா கல்லைப் பிடுங்கித் தலைப்பில் முடிந்துகொண்டாள். அப்புறம் மெதுவாக, “கடல்லேயா இருந்தது? அப்போ பாற்கடல்தான்” என்றாள். வாத்தியார் மறுபேச்சுப் பேசவில்லை.

கோயிலுக்குக் கீழே ராணிபௌவாவில் ஜீப்பை விட்டு இறங்கியதும் குதிரைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். 3,700 மீட்டர் உயரம், பத்தடிக்கு ஒருதரம் மூச்சு வாங்கியது. சரி, அம்மாவுக்கு ஒரு குதிரை என்று கேட்ட விலையைக் கொடுத்தேன். கோயிலின் நூற்றெட்டுத் தண்ணீர்த் தாரையிலும் அவளுக்காகவும் சேர்த்து நானே ஓடினேன். முதல் பத்துக்குள் தலை மரத்துவிட்டது, எண்ணிக்கை போயிற்று. அப்பா, அப்பா என்றுதான் வாயில் வந்தது.

சன்னிதியில் புத்த பிக்குணி ஒருவர் நின்றிருந்தார். பின்னால் கூட்டம் நெருக்கியது. அம்மா நடுங்கும் விரலால் முடிச்சை அவிழ்த்துக் கல்லை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினாள், பெருமாளுக்குப் பெருமாளையே. பிக்குணி கையமர்த்தி, எல்லாரையும் நிற்கவைத்தார். எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. யாருக்கு எந்தப் புண்ணியத்தில் இப்படிக் கிடைக்கும்? வேண்டிக்கொள்ள வைத்திருந்த பட்டியலில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை, அழுகைதான் வந்தது.

இப்போது தினம் திருமஞ்சனம் அம்மா கையால்தான். ஒரே ஒரு துளசி இதழ் சாத்தினால் சக்கரமே மறைந்துபோகிறது, அவ்வளவு சின்னப் பெருமாள்.