ஆலைகள் பெருகியும் வாக்குரிமை வராத பிரஷ்யா

விக்டோரியா 3 என்ற கணினி விளையாட்டில், பின்னாளில் ஜெர்மானியப் பேரரசின் ஓர் அங்கமான பிரஷ்யாவை எடுத்துக்கொண்டு 1836-இல் தொடங்கினால், என் அனுபவத்தில் ஆட்டம் பெரும்பாலும் ஒரே திசையில்தான் நகர்கிறது. இரும்பாலைகளும் நெசவாலைகளும் பெருகப் பெருக நிலவுடைமையாளர் குழுவின் செல்வாக்கு கரைகிறது. தொழிலதிபர்களும் அறிவாளர்களும் ஆட்சிக்கு வருகிறார்கள். சில பத்தாண்டுகளில் வாக்குரிமைச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறிவிடுகின்றன. அரசியல் செல்வாக்கைப் பொருளாதாரத்தின் மீது நிறுத்தியதே இவ்விளையாட்டின் மிகச் சிறந்த முடிவு என்று இன்றும் கருதுகிறேன். ஆனால் உண்மையான பிரஷ்யாவில் நடந்தது வேறு.

அங்கே 1849-இல் வந்த மூன்று வகுப்பு வாக்குமுறை 1918 வரை நீடித்தது. ஒரு பகுதியில் வசூலான நேரடி வரியை மூன்று சம பங்குகளாக்கி, முதல் பங்கைச் செலுத்திய சில செல்வந்தர்களுக்கும், கடைசிப் பங்கைச் செலுத்திய பெருந்திரளான மக்களுக்கும் ஒரே எண்ணிக்கையிலான தேர்வாளர்களைத் (அவை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பவர்களைத்) தந்த முறை அது. வாக்கையும் எல்லோர் முன்னிலையிலும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சமூக ஜனநாயகக் கட்சிக்கு 1903 தேர்தலில் பிரஷ்ய அவையில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. 1908-இல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாக்குகளைப் பெற்றும் 7 இடங்களே கிடைத்தன. அதே ஆண்கள் ஜெர்மானியப் பேரரசின் நாடாளுமன்றத்துக்குச் சமமான, ரகசியமான வாக்கை அளித்தார்கள். அங்கே 1912-இல் அக்கட்சி 110 இடங்களுடன் மிகப் பெரிய கட்சியானது. நாடு முழுமைக்கும் ஒரே வாக்குரிமைச் சட்டத்தை வைத்திருக்கும் விளையாட்டால், ஒரே மனிதனுக்கு இருவேறு மதிப்புள்ள இரண்டு வாக்குகள் இருந்த இந்த நிலையைக் காட்டவே முடியாது.

முந்தைய விக்டோரியா 2 வேறொரு வழியில் சென்றது. மக்களின் கொந்தளிப்பு ஏற ஏற மேலவையின் பழமைவாதிகள் சீர்திருத்தத்துக்கு இணங்குவார்கள். பிரிட்டனின் 1832 சீர்திருத்தச் சட்டத்துக்கு இது நன்றாகவே பொருந்துகிறது: 1831 அக்டோபரில் பிரபுக்கள் அவை மசோதாவைத் தள்ளியதும் நாட்டிங்ஹாமும் பிரிஸ்டலும் எரிந்தன, புதிய பிரபுக்களை நியமித்து அவையை நிரப்ப அடுத்த ஆண்டு மன்னர் இசைந்த பிறகே எதிர்ப்பு தளர்ந்தது. ஆயினும், சீர்திருத்தம் வேண்டுமென்பதற்காகத் தன் மக்களைத் தானே வேண்டுமென்று கோபப்படுத்தும் நிலைக்கு ஆட்டக்காரரைத் தள்ளும் விதியைச் சமநிலையானது என்று என்னால் ஏற்க முடியவில்லை. விக்டோரியா 3 அந்தக் குறையை நீக்கி, சட்டம் நிறைவேறும் வாய்ப்பை ஒரு சதவீதமாக்கிப் பகடையிடம் ஒப்படைத்தது.

இரண்டிலும் விடுபட்டது பேரம். 1879-இல் பேரரசின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் இறக்குமதியாகும் தானியத்துக்கும் இரும்புக்கும் சேர்த்தே காப்பு வரி விதித்தபோது, கிழக்கின் பண்ணையார்களும் மேற்கின் ஆலை முதலாளிகளும் ஒரே அணியில் நின்றார்கள். விளையாட்டு ஒன்றையொன்று விழுங்கவேண்டிய பகைவர்களாகக் கருதும் இரு குழுக்கள், தொழிலாளரின் ரொட்டி விலையைக் கொடுத்துத் தங்கள் உறவை வாங்கிக்கொண்டன.

இதை விக்டோரியா 3-இன் விதிகளை மாற்றும் ஒரு மோடாக (mod) எழுதிப் பார்த்தேன். இரு வரிகளும் நடப்பில் இருக்கும்வரை தொழிலதிபர்கள் வாக்குரிமைச் சட்டத்தை ஆதரிக்க மாட்டார்கள் என்று முதலில் வைத்தேன்; சீர்திருத்தம் முற்றிலும் உறைந்துபோனது. பிறகு, தானிய விலை உயர்வதற்கேற்ப வாக்குரிமை இயக்கத்தின் ஆதரவும் வளரும்படி மாற்றியதும் ஆட்டத்துக்கு உயிர் வந்தது. கூட்டணியைக் காக்கும் வரியே அதன் எதிரிகளையும் வளர்த்தது.

எஞ்சியிருப்பது, அந்தக் கூட்டணி எப்போது உடைய வேண்டும் என்ற கேள்வி. 1917 ஏப்ரலில் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மே வகுப்பு வாக்குமுறைக்கு இனி இடமில்லை என்று அறிவித்தார். 1918 மே மாதத்தில்கூடப் பிரஷ்ய அவை சம வாக்குரிமையை நிராகரித்தது. நவம்பர் புரட்சிதான் அதை முடித்தது. ஆகவே இப்போதைக்கு என் மோடில், போரில் தோற்கும் தறுவாயில் மட்டுமே அந்த முடிச்சு அவிழ்கிறது.