பெங்களூரில் அத்திக் கொம்பு கேட்கப் போகிறவர்களுக்கு

பெங்களூரில் வாடகை வீடு பிடித்து, பால் காய்ச்சி, கேஸ் இணைப்பும் மாற்றி முடித்த பிறகுதான் பலருக்கும் தெருவில் என்ன மரம் நிற்கிறது என்று பார்க்க நேரம் கிடைக்கிறது. மல்லேஸ்வரம், பசவனகுடி, ஃப்ரேசர் டவுன் போன்ற பழைய பகுதிகளில் காம்பவுண்டு சுவருக்கு மேலே, விரித்த கை மாதிரி பிளவுபட்ட, சொரசொரப்பான இலை தெரிந்தால் அது சீமை அத்தி. லால்பாக் பக்கத்துச் சித்தாபுரா நர்சரிகளில் கன்று வாங்கலாம்தான். ஆனால் அது என்ன வகை, எப்போது காய்க்கும் என்பதற்கெல்லாம் விற்பவரின் வாய்ச்சொல்தான் உத்தரவாதம். அடுத்த தெருவில் பழுத்து, அணில் கடித்துப் போடும் மரத்துக்கு அந்தச் சந்தேகம் கிடையாது. இந்த ஊர் வெயிலிலும் மழையிலும் பழுத்துக் காட்டிய மரம் அது. அதன் கொம்பை வெட்டி நட்டால் முளைப்பது அதே மரம்தான்.

விதையை நம்ப வேண்டாம். துருக்கியிலிருந்து வரும் உலர் அத்தியின் விதை முளைக்கும். பலரும் முளைக்க வைத்துச் சந்தோஷப்படுகிறார்கள். ஆனால் அந்தப் பழம் பெரும்பாலும் குளவி வந்து மகரந்தம் சேர்த்தால்தான் பழுக்கும் வகையைச் சேர்ந்தது. அந்தக் குளவி இங்கே கிடையாது. நாற்றில் பாதி ஆண் மரமாகவே போகும். நம் ஊர் வீடுகளில் காய்க்கும் வகைகளுக்குக் குளவியும் வேண்டாம், மகரந்தமும் வேண்டாம்.

கேட்பதற்கு முன் பேர் சரியாக இருக்கட்டும். கன்னடத்தில் ‘அத்தி’ என்றால் கோயில் குளத்தோரம் நிற்கும் நாட்டு அத்தியைக் காட்டுவார்கள். சீமை அத்திக்கு ‘அஞ்சூர’ என்று பேர். ‘நமஸ்கார, நிம்ம அஞ்சூர கிட தும்பா சென்னாகிதெ. கட் மாடுவாக ஒந்து கொம்பெ கொட்தீரா?’ ‘வணக்கம், உங்கள் அத்தி மரம் ரொம்ப நன்றாக இருக்கிறது. வெட்டும்போது ஒரு கொம்பு கொடுப்பீர்களா?’ என்று அர்த்தம். இவ்வளவு போதும். அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் பாதிப் பேர் தமிழிலேயே பதில் சொல்வார்கள். இருந்தாலும் கன்னடத்தில் தொடங்குவது மரியாதை. பெண்களை ‘அம்மா’, ஆண்களை ‘சார்’ என்றால் யாருக்கும் கோபம் வராது. தலை நரைத்திருக்கிறதே என்று நாமாக ‘அஜ்ஜி’ (பாட்டி) போட வேண்டாம்.

அந்த வாக்கியத்தில் காரியத்தைச் சாதிப்பது ‘கட் மாடுவாக’ என்ற பகுதி. ‘நீங்கள் வெட்டும்போது’ என்று கேட்கிறோம். அத்தி பெரும்பாலும் புதிதாக விட்ட கிளையின் இலைக்கக்கத்தில்தான் காய்க்கும். பழைய கிளையை வெட்டாமல் விட்டால் மரம் உயரமாகப் போகும், காய் எட்டாத இடத்துக்குப் போகும், சருகு பக்கத்து வீட்டில் விழுந்து சண்டை வரும். ஆக, மழை ஓய்ந்து இலை உதிரும் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி பாதி வரை, மரம் வைத்திருக்கும் எவருக்கும் வெட்டும் வேலை பாக்கியிருக்கும். அப்போது கேட்கிறவர் குப்பைக்குப் போவதைக் கேட்கிறார். காய் நிறைந்த ஏப்ரலிலோ, இலை அடர்ந்த ஆகஸ்டிலோ கேட்கிறவர் மரத்தைக் கேட்கிறார். முன்னவருக்கு ஐந்து கொம்பு கிடைக்கும். பின்னவருக்குத் தயவில் ஒன்று கிடைத்தாலும் அது பச்சைத் தண்டாக இருக்கும், அழுகிவிடும்.

நேரமும் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் பன்னிரண்டுக்குள் போகலாம். மதியத் தூக்க நேரத்தில் மணி அடிக்கக் கூடாது. விளக்கு வைத்த பிறகு செடியைத் தொட விடாத வீடுகள் இங்கேயும் உண்டு. வெள்ளிக்கிழமை எதையும் வெளியே கொடுக்காத வீடுகளும் உண்டு. அப்படிச் சொன்னால் வாதாடாமல் வேறு நாள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டைத் திறந்து உள்ளே போகாமல் வெளியே நின்றே பேசுங்கள், நாய் இருக்கும். கீழ் வீட்டில் இருப்பவர் வாடகைக்காரரா என்று தெரிந்துகொள்ளுங்கள்; அவர் சரி என்று சொல்லி, நாம் வெட்டி, மாலையில் மாடியிலிருக்கும் உரிமையாளர் இறங்கி வந்தால் திட்டு வாங்குவது அவர்தான். சாலைக்கு மேல் நீட்டிய கிளையும் அவர்கள் கிளைதான். செக்யூரிட்டிக்கு ஐம்பது ரூபாய் கொடுத்து ஒடித்து வருவதற்குக் கொம்பு கேட்பது என்று பெயர் இல்லை. லால்பாக்கிலும் கப்பன் பூங்காவிலும் கத்தரியை வெளியே எடுக்கவே கூடாது. அவை தோட்டக்கலைத் துறையின் பொறுப்பில் இருப்பவை. திருடி நட்டால்தான் நன்றாக வளரும் என்ற பேச்சு மணி பிளாண்டோடு நிற்கட்டும்.

வெறுங்கையோடு போகாமல் ஒரு கறிவேப்பிலைக் கன்றோ, தூதுவளை விதையோ கொண்டுபோனால் நல்லது. காசு நீட்டினால் சிலருக்கு முகம் சுருங்கும். இலவசமாக வாங்கிய கொம்பை வேர்விட வைத்து விற்பதும் அப்படித்தான். விஷயம் அந்தத் தெருவுக்கு எப்படியோ தெரிந்துவிடும், அடுத்து கேட்கப் போகிறவருக்குக் கதவு திறக்காது.

வெட்டுவதற்கு முன் மரத்தை ஒரு சுற்றுப் பாருங்கள். இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி இருந்தால் துரு நோய். மழைக்காலத்தில் பெங்களூர் அத்தியை அநேகமாக விடாது, அதற்காக மரத்தை ஒதுக்க வேண்டியதில்லை. இலையை முழுவதும் நீக்கிவிட்டுக் கொம்பை எடுக்கலாம். இலையில் திட்டுத் திட்டாக மஞ்சள் படர்ந்து, வடிவம் கோணியிருந்தால் அது தேமல் நோயாக இருக்கலாம். வைரஸால் வருவது, கொம்போடு கூடவே வரும், எந்த மருந்துக்கும் போகாது. அடிமரத்தில் ஓட்டையும் கீழே மரத்தூளும் தெரிந்தால் உள்ளே தண்டுத் துளைப்பான் புழு இருக்கிறது. உரிமையாளரிடம் சொல்லுங்கள், கொம்பு கேட்க வந்தவர் சொன்ன உபகாரமாக இருக்கும். அடியில் வேரோடு முளைத்த பக்கக் கன்றைப் பிடுங்கித் தர முன்வருவார்கள். அன்போடு மறுத்துவிடுங்கள். அந்த மண்ணில் வேர்முடிச்சு நூற்புழு இருந்தால் அது நேராக உங்கள் தொட்டிக்கு வந்து சேரும். மேலேயிருந்து வெட்டிய கொம்பில் அந்தப் பயம் இல்லை.

எடுக்க வேண்டியது போன வருடம் வளர்ந்து, பழுப்பேறி, விறைப்பாக இருக்கும் கிளை. பென்சில் தடிமன் முதல் சுண்டுவிரல் தடிமன் வரை, ஒரு சாண் நீளம், நான்கு கணு. நிழலில் நீண்டு மெலிந்த கிளையில் கணுக்களுக்கு நடுவே இடைவெளி அதிகமாக இருக்கும், சேமித்த சத்து குறைவாக இருக்கும், அது வேண்டாம். கத்தரியை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு, அடியில் கணுவுக்குச் சற்றுக் கீழே நேராகவும், தலையில் கணுவுக்கு ஒரு விரல் மேலே சாய்வாகவும் வெட்டுங்கள். எது மேல், எது கீழ் என்பது வீட்டுக்கு வந்த பிறகு இந்தச் சாய்வை வைத்துத்தான் தெரியும். தலைகீழாக நட்டுவிடக் கூடாது.

வெட்டிய கணமே பட்டைக்கு அடியில் வளையமாகப் பால் துளிர்க்கும், பிறகு சொட்டும். இந்தப் பாலைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். தோலில் பட்டு அதன்மேல் வெயிலும் பட்டால் அரிக்கும், சிலருக்குக் கொப்புளம் எழும்பி, கறுத்த தழும்பு வாரக்கணக்கில் நிற்கும். முழுக்கைச் சட்டை, கையுறை, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுதல். கண்ணைத் தொடவே கூடாது. சொட்டிய பால் அவர்கள் வீட்டுத் தரையிலோ நிறுத்தியிருக்கும் காரிலோ படாமல் கீழே பழைய பேப்பர் விரியுங்கள். வெட்டிய குச்சி, சருகு எல்லாவற்றையும் கூட்டி அள்ளிக் கொடுத்துவிட்டு வருவது நம் வேலை. எந்தக் கிளையை எங்கே வெட்டலாம் என்று ஒவ்வொரு தடவையும் அவர்களிடம் காட்டிக் கேட்ட பிறகே கத்தரியை வையுங்கள்.

வகை தெரியாவிட்டால் தெரியாததாகவே எழுதி வையுங்கள். ‘மல்லேஸ்வரம் 8ஆம் கிராஸ், கறுப்பு, சிறியது’ என்று ஒட்டினால் போதும். புனே பக்கத்துப் புரந்தர் அத்திக்கு 2016இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து, ஊதா நிறத்தில் காய்க்கும் எல்லாவற்றையும் புனே அத்தி என்று விற்கும் வழக்கம் பெருகியிருக்கிறது. நாமும் அதில் சேர வேண்டாம்.

வேர்விட வைப்பதற்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, அடியில் ஐந்தாறு ஓட்டை போட்டால் போதும். உள்ளே வேர் தெரிவதற்காகத்தான் கண்ணாடி மாதிரியான பாட்டில். தென்னை நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, பழுப்பு நிறம் வெளிறும்வரை இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். அதில் உப்பு இருக்கும். அதோடு சம அளவு பெர்லைட் (நர்சரியில் கிடைக்கும் வெள்ளை நிற, எடையில்லாத குருணை). எம்-சாண்டு போடுவதானால் தூசியைக் கழுவிவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் சிமெண்ட் போல இறுகும். கலவையைக் கைப்பிடியில் அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. அத்திக் கொம்பு சாவதற்கு முதல் காரணம் தண்ணீர் குறைவு அல்ல, தண்ணீர் அதிகம்.

இரண்டு கணு உள்ளே, இரண்டு கணு வெளியே. தலை வெட்டில் மெழுகுவர்த்தியை ஒரு சொட்டு உருக்கி விடுங்கள். வேர் ஊக்கிப் பொடி கட்டாயம் இல்லை. தேன், கற்றாழை எல்லாம் பூஞ்சைக்கு வைக்கும் விருந்து. ஜனவரி, பிப்ரவரியில் பெங்களூர்க் காற்று வறண்டிருக்கும் என்பதால் மேலே ஒரு பிளாஸ்டிக் கவரைத் தளர்வாக மூடி, நேர் வெயில் படாத, வெளிச்சமான இடத்தில் வைக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் தண்ணீரே ஊற்ற வேண்டாம். அதன் பிறகும் பாட்டிலைத் தூக்கிப் பார்த்து எடை குறைந்தால் மட்டும் இரண்டு மூடி தண்ணீர்.

பத்துப் பதினைந்து நாளில் பச்சை இலை விரியும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அந்த இலை தண்டில் சேமித்த சத்தில் வந்தது, வேர் இன்னும் வந்திருக்காது. பிடித்துவிட்டதா என்று இழுத்துப் பார்த்தால் அப்போதுதான் முளைத்த வெள்ளை வேர் முறியும். மூன்று முதல் ஆறு வாரத்தில் பாட்டில் சுவரில் வேர் ஓடுவது தெரியும். சந்தேகம் வந்தால் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. அடி கறுத்து மெத்தென்று ஆனால் அழுகல். அழுகாத இடம் வரை வெட்டி, காயவிட்டு, புதுக் கலவையில் மறுபடி நடலாம். கவரை ஒரே நாளில் எடுத்தால் இலை மாலைக்குள் தொங்கிவிடும். முதல் நாள் ஒரு மணி நேரம் திறந்து, ஒரு வாரம் பத்து நாளில் மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டுங்கள்.

பிறகு செம்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு கலந்து சிறிய தொட்டி. ஒரு வருடம் கழித்து 15 அல்லது 18 அங்குலத் தொட்டி. வாடகை வீட்டில் தரையில் நடவே வேண்டாம். முப்பதுக்கு நாற்பது மனையில் முன்பக்கம் சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி), அதன் ஓரம் டிரைனேஜ் குழாய். அத்தி வேர் ஈரத்தைத் தேடி அங்கேதான் போகும், வீட்டுக்காரர் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார். இரண்டாம் வருடம் காய் பார்க்கலாம். பழுக்கும் நேரத்தில் மழை விழுந்தால் பழம் வெடித்துப் புளிக்கும். நிறம் மாறத் தொடங்கியதும் வலைப்பையில் கட்டினால் அணிலுக்கும் குயிலுக்கும் தப்பும்.

கூடுதலாக வேர்விட்ட கன்று ஒன்றை மரத்துக்காரருக்கே கொடுத்துவிடுங்கள். தாய் மரத்தைத் துளைப்பான் சாய்த்துவிட்டால் அவர்களுக்கு அது கைகொடுக்கும். ஊருக்கு அனுப்ப வேண்டுமானால் கன்றை விடக் கொம்பே நல்லது. இரு முனையிலும் மெழுகு, லேசாக நனைத்துப் பிழிந்த செய்தித்தாள், அதற்கு மேல் காற்றுப் புகாத கவர். இப்படிச் சுற்றினால் ஒரு வாரம் தாங்கும். ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் என்றால் ஒரு மாதமும் இருக்கும். கூரியரைத் திங்கட்கிழமை போடுங்கள். சனிக்கிழமை போட்டால் ஞாயிறு முழுவதும் கிடங்குச் சூட்டில் கிடக்கும்.