கையெழுத்தும் போட்டாயிற்று, காயமும் பட்டாயிற்று: இழப்பீடு கோரும் வழி

உடற்பயிற்சிக்கூடம், டிராம்போலின் பூங்கா, செயற்கைப் பாறையேறும் கூடம் என்று சிங்கப்பூரில் எங்கே நுழைந்தாலும் முதலில் நீட்டுவது ‘இன்டெம்னிட்டி ஃபார்ம்’தான். எல்லா ஆபத்தையும் நானே ஏற்கிறேன், வழக்குத் தொடர மாட்டேன் என்று பொடி எழுத்தில் இருக்கும். அடிபட்டபின் “அதான் கையெழுத்துப் போட்டுவிட்டேனே” என்று பலர் மருத்துவமனை பில்லைக் கட்டிவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டியதில்லை.

நியாயமற்ற ஒப்பந்த விதிமுறைகள் சட்டம் 1977, இங்கிலாந்தில் பிறந்து இங்கும் நடப்பில் உள்ளது. அதன் பிரிவு 2(1) சொல்வது: வணிகம் நடத்துபவர், தம் கவனக்குறைவால் ஒருவர் இறந்தாலோ காயப்பட்டாலோ வரும் பொறுப்பை எந்த வாசகத்தாலும் தட்டிக்கழிக்க முடியாது. உடைந்த கைப்பேசி போன்ற பொருள் நஷ்டமென்றால் கதை வேறு; அங்கே அந்த விதி நியாயமானதா என்று பார்ப்பார்கள். பலர் கவனிக்காதது பிரிவு 2(3). அப்படிப்பட்ட விதிக்கு ஒப்புக்கொண்டதாலோ அறிவிப்புப் பலகையைப் பார்த்ததாலோ மட்டும் ஒருவர் ஆபத்தை மனமுவந்து ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளக்கூடாது என்கிறது அது.

ஆனாலும் எதிர்த்தரப்பின் பதில் கடிதத்தில் ‘தெரிந்தே சம்மதித்தார்’ என்ற வரி தவறாமல் வரும். அதை நிரூபிக்கும் சுமை அவர்கள் தலையில். குறிப்பிட்ட அந்த ஆபத்தின் தன்மையும் அளவும் உங்களுக்குத் தெரிந்திருந்தது, கட்டாயம் இல்லாமல் அதை ஏற்றீர்கள், அதனால் வரும் சட்ட உரிமையையும் விட்டுக்கொடுத்தீர்கள் என்று மூன்றையும் காட்ட வேண்டும். பாறையேறும்போது பிடி நழுவிக் கணுக்கால் பிசகுவது விளையாட்டோடு சேர்ந்த ஆபத்து. அதற்கு யாரும் பொறுப்பில்லை. பராமரிக்காத கயிற்றுக் கருவி பிடிக்காமல் போவதற்கு நீங்கள் சம்மதிக்கவே இல்லை. வழக்கு முழுவதும் இந்தக் கோட்டைச் சுற்றியே நடக்கும்.

ஆகவே திரட்டும் சான்று, ‘எது பழுது, அது எனக்குத் தெரியுமா’ என்ற கேள்விக்குப் பதிலாக இருக்கட்டும். கருவியையும் தரைவிரிப்பையும் அன்றே படமெடுங்கள், மறுநாள் மாற்றிவிடுவார்கள். கையெழுத்திட்ட படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கேமரா பதிவுகளின் மேல் புதியவை பதிவாகிப் பழையவை அழிந்துவிடும். அழிக்க வேண்டாமென்று உடனே மின்னஞ்சல் அனுப்புங்கள். உங்கள் உருவம் உள்ள பதிவைத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி கேட்கலாம். 30 நாளில் அவர்கள் பதில் தர வேண்டும், முடியாவிட்டால் எப்போது தருவார்கள் என்று சொல்ல வேண்டும்.

அவசரப் பிரிவில் மருத்துவரிடம் சொல்வது அப்படியே குறிப்பேறும். வலியில் “விளையாட்டுத்தனமா குதிச்சேன்” என்று சொல்லிவைத்தால், பின்னால் மருத்துவ அறிக்கையில் அதே வரி உங்களுக்கு எதிராக நிற்கும். நடந்ததை மட்டும் சொல்லுங்கள்.

சம்மத வாதம் முழுதாக வெல்வது அரிது. வென்றால் கோரிக்கை மொத்தமும் போய்விடும் என்பதால் நீதிமன்றங்கள் அதை எளிதில் ஏற்பதில்லை. உண்மையில் பணத்தைக் குறைப்பது ‘உங்கள் பங்குக் கவனக்குறைவு’தான். அதற்கு 1953ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் உண்டு. பயிற்றுநர் சொல்லியும் பாதுகாப்புப் பட்டையை மாட்டவில்லை என்றால் 25 விழுக்காடு உங்கள் மேல் விழலாம். 40,000 வெள்ளி 30,000 ஆகும். அரசு நீதிமன்றங்களில் வழக்கு விசாரணைக்கு முன்பே சமரச அமர்வில் நீதிபதி தம் கருத்தைச் சொல்வார். சம்மதம் என்று முழங்கிய கடிதம் அங்கே விழுக்காட்டுப் பேரமாகச் சுருங்கிவிடுவது வழக்கம். எந்த விழுக்காடு வரை இறங்குவீர்கள் என்று வழக்கறிஞரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

வழக்குத் தொடரக் கெடு: உடற்காயத்துக்குப் பொதுவாக 3 ஆண்டு. கோரிக்கை 60,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 250,000 வரை மாவட்ட நீதிமன்றம். சிறு கோரிக்கை நடுவர் மன்றம் கவனக்குறைவால் வந்த உடற்காயத்தை விசாரிக்காது. அங்கே போய் நாளைக் கடத்த வேண்டாம். நீங்கள் வழக்குத் தொடங்கும் கோரிக்கை ஆவணமும் உங்கள் தரப்பை விளக்கும் வாதுரையும் கிடைத்ததும் எதிர்த்தரப்பு 14 நாளில் எதிர்ப்பதாகச் சொல்ல வேண்டும், 21 நாளில் பதில் வாதுரை தர வேண்டும். கிடைக்கும் தொகையில் இத்தனை பங்கு என்று கட்டணம் பேசும் வழக்கறிஞரை நம்பாதீர்கள். இத்தகைய வழக்குகளில் அது தடைசெய்யப்பட்டது.

வேலையிடக் காயம் தனிப் பாதை. வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம் 2019இன்படி முதலாளியின் தவறை நிரூபிக்கத் தேவையில்லை. ‘ஆபத்து தெரிந்துதானே ஏறினான்’ என்பது அங்கே பதிலாகாது. விபத்து நடந்த 1 ஆண்டுக்குள் கோர வேண்டும். அதே காயத்துக்கு இதையும் நீதிமன்ற வழக்கையும் சேர்த்து நடத்த முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வழக்கைத் தேர்ந்தாலும் ஊழியருக்கு ஸ்மித் எதிர் பேக்கர் (1891) என்ற இங்கிலாந்து வழக்கின் தீர்ப்பு துணை நிற்கும். தலைக்கு மேல் பாரந்தூக்கி கற்களைச் சுமந்து செல்வது தெரிந்தும் வேலையைத் தொடர்ந்தவர் ஸ்மித். தெரிந்திருப்பது சம்மதமாகாது என்று அன்று இங்கிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. மேற்பார்வையாளர் சொல்லைத் தட்டினால் வேலை அனுமதிச்சீட்டு போய்விடுமோ என்று அஞ்சுபவர் மனமுவந்து ஏற்றார் என்று வாதிடுவது எளிதல்ல.

விபத்துக்குப் பிறகு நீட்டப்படும் தாளோ வேறு ரகம். ஆறு மாத இலவச உறுப்பினர் சலுகையோடு ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்று ஒரு தாள் வரும். அது சமரச ஒப்பந்தம், பொதுவாகக் கட்டுப்படுத்தும். எலும்பு கூடி, மருத்துவர் இனி மாற்றமில்லை என்று சொல்லும்வரை அதில் கையெழுத்து வேண்டாம். காயப்பட்டது பிள்ளை என்றால், பெற்றோர் ஒப்புக்கொண்ட சமரசத் தொகைக்கும் நீதிமன்றத்தின் ஒப்புதல் தேவை.