பீபி நாச்சியாரைப் பார்க்க இரண்டு சைக்கிள்

பெங்களூர் அல்சூரிலிருந்து மேல்கோட்டைக்குக் காரில் போனால் மூன்று மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே. நாங்கள் இரண்டு நாள் எடுத்துக்கொண்டோம். என் கணவருக்கு 62, எனக்கு 58. "அந்த மைசூர் எக்ஸ்பிரஸ் ரோட்டிலா போறீங்க?" என்று மருமகள் பயந்தாள். அதில் 2023 ஆகஸ்டிலிருந்து பைக்கையும் ஆட்டோவையுமே விடுவதில்லை, சைக்கிளை எங்கே விடப்போகிறார்கள்! மாகடி, ஹுலியூர்துர்கா, நாகமங்கலா என்று சுற்றிக்கொண்டு போக அவர் வழி வைத்திருந்தார்.

அவருக்கு சைக்கிள் ஆசை. எனக்கு ஆசை வேறு. அம்மா திருச்சிக்காரர், ஸ்ரீரங்கத்தில் துலுக்க நாச்சியாருக்கு ரொட்டி படைப்பதைச் சொல்லிச் சொல்லியே எனக்குச் சோறு ஊட்டியவர். மேல்கோட்டையிலும் அப்படி ஒருத்தி இருக்கிறாள், பீபி நாச்சியார். டில்லி பாதுஷாவின் அரண்மனையில் இருந்த மேல்கோட்டை உற்சவரை ராமானுஜர் "செல்வப்பிள்ளையே வாராய்" என்று அழைக்க, விக்கிரகம் சலங்கை குலுங்க நடந்து வந்து அவர் மடியில் ஏறியதாம். அந்தப் பெருமாளைப் பிரிய முடியாமல் பாதுஷாவின் மகளும் பின்னாலேயே மேல்கோட்டை வரை வந்துவிட்டாள் என்கிறது தல வரலாறு. அத்தனை தூரம் வந்தவளைப் பார்க்கக் காரில் போய் இறங்குவது எனக்கென்னவோ சரியாகப் படவில்லை.

மார்கழிப் பனியில் ஐந்து மணிக்குக் கிளம்பினோம். தாவரகெரே தாண்டிய பிறகுதான் பெங்களூர் எங்களை விட்டது. சாவனதுர்காவின் ஒற்றைப் பாறை தூரத்தில் யானை படுத்த மாதிரி தெரிந்தது. மாகடியில் ரங்கநாதரைச் சேவித்து, இட்லி சாப்பிட்டோம்.

மாகடிக்கு அப்பால் எல்லாமே ஏற்ற இறக்கம். அறுத்த ராகிக் கதிரைத் தார்ச்சாலையிலேயே பரப்பி வைத்திருந்தார்கள். வண்டிகள் ஏறி மிதித்தால் மணி உதிரும். எங்கள் சைக்கிள்கள் அதன்மேல் ஏறியபோது ஒரு பெரியவர், "உங்க எடைக்கு ஒரு மணிகூட உதிராது" என்று கன்னடத்தில் சிரித்தார். உதிரவில்லைதான், வைக்கோல் மட்டும் செயினில் சுற்றிக்கொண்டது.

ஏற்றம் வந்தால் அவர் முன்னே போய் மேலே ஏதாவது மரத்தடியில் காத்திருப்பார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்ததும் "வந்துட்டியா" என்று கிளம்பிவிடுவார். அவருக்கு ஓய்வு முடிந்திருக்கும், எனக்கு ஆரம்பித்திருக்காது. தம்பதியாக சைக்கிளில் போகிறவர்கள் முதலில் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் இது.

ஹுலியூர்துர்கா தாண்டி இருட்டும் நேரத்தில் என் பின்சக்கரம் பஞ்சர். ட்யூபை மாற்றினார், பத்து நிமிடத்தில் மறுபடி காற்று இறங்கிவிட்டது. டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்திருக்க வேண்டும். கருவேல முள் அங்கேயே இருந்தது. நான் சொன்னேன், அவர் கேட்கவில்லை. சரி, அது பழைய கதை. அன்றிரவு நாகமங்கலா போய்ச் சேரவில்லை. "எல்லிந்த பந்த்ரி?", எங்கிருந்து வந்தீங்க என்று விசாரித்த ஒரு பாட்டி தன் வீட்டு ஜகலியில், நம் திண்ணைதான், பாய் விரித்துக் கொடுத்தார். ராகிக் களியும் அவரைக்கொட்டைச் சாறும் போட்டார். மேல்கோட்டைக்கு என்றதும் பத்து ரூபாயை முந்தானையிலிருந்து அவிழ்த்து, உண்டியலில் போடச் சொன்னார்.

மறுநாள் நாகமங்கலாவில் சௌம்யகேசவரை அவசரமாகத்தான் சேவித்தோம். ஜக்கனஹள்ளியில் திரும்பினால் மலை ஏற்றம். அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. முதல்முறையாக நான் முன்னே போய்க் காத்திருந்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். "வந்துட்டீங்களா" என்று நான் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் விடியற்காலை, கல்யாணிக் குளத்தில் கால் நனைத்துவிட்டுக் கோயிலுக்குள் போனால் காதில் விழுந்தது திருப்பாவை. இரண்டு நாளாகக் கன்னடம் மட்டுமே கேட்ட காதுக்கு, அந்தத் தமிழ் உடம்பெல்லாம் சிலிர்க்க வைத்தது. சோழநாட்டை விட்டு வெள்ளை உடுத்தி வந்த ராமானுஜர் இங்கே பல வருடம் இருந்தார். திரும்பும்போது பிரிய மனமில்லாத அடியார்களுக்காகத் தன் திருமேனியையே சிலையாக விட்டுப் போனார். தமர் உகந்த திருமேனி. அதன் எதிரில் நான் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை, தோன்றவே இல்லை.

பெருமாள் சந்நிதியில், "பீபி நாச்சியார்?" என்று மெதுவாகக் கேட்டேன். அர்ச்சகர் தீபத்தைத் திருவடிக்கு இறக்கிக் காட்டினார். சின்னஞ்சிறு உருவம். அதற்குள் பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள். அவ்வளவுதான். பாட்டியின் பத்து ரூபாயை உண்டியலில் போட்டேன்.

கல்யாணிப் படியில் உட்கார்ந்து மேல்கோட்டைப் புளியோதரையைச் சாப்பிடும்போது அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே, "மண்டியாவிலிருந்து ரயிலில் போயிடலாமா?" என்றார்.

"போகலாம். மண்டியா வரைக்கும் மிதிக்கணுமே?"

"பெரும்பாலும் இறக்கம்தான்" என்றார்.

அவர் இலையை எறிந்துவிட்டு வருவதற்குள் நான் பின்டயரைக் கழற்றி உட்புறம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.