ஆறு வருஷ வேலை, நாலு வரி சர்ட்டிபிகேட்

ஒருவழியா நேத்து ஜாயினிங் ரிப்போர்ட் குடுத்துட்டேன். ஒரு யுனிவர்சிட்டியோட ரிசர்ச் ஆபீஸ்ல மேனேஜர் போஸ்ட், கான்ட்ராக்ட்தான், மூணு வருஷம். இன்டர்வியூ இருபது நிமிஷத்துல முடிஞ்சுது. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட்டுக்காக அலைஞ்சேன் பாருங்க, அந்த எரிச்சல் இன்னும் போகல.

நான் விலங்கியல்ல பிஎச்டி. முடிச்சுட்டு அதே டிபார்ட்மென்ட்ல ஆறு வருஷம் ப்ராஜெக்ட் அசோசியேட். பேருதான் அது, ஆனா எலியைத் தொட்டதைவிட பில்லைத் தொட்டதுதான் ஜாஸ்தி. ஜெம்ங்கிற அரசு போர்ட்டல்ல சாமான் வாங்குறது, அரசு நிதிக் கணக்கை ஏத்துற பிஎஃப்எம்எஸ் வெப்சைட்ல என்ட்ரி, அனிமல் எதிக்ஸ் கமிட்டிக்கு பைல் போடுறது, மார்ச் 31 முடிஞ்சா, வந்த நிதியை எதுக்கு செலவு பண்ணோம்னு காட்டுற யூசியை (யூட்டிலைசேஷன் சர்ட்டிபிகேட்) ஜிஎஃப்ஆர் 12-ஏங்கிற அரசு பார்ம்ல ரெடி பண்ணி ஆடிட்டர்கிட்ட ஓடுறது, அந்த நிதிக்கு பேங்க்ல சேர்ந்த வட்டியை பாரத்கோஷ்ங்கிற அரசு வெப்சைட்ல திருப்பிக் கட்டுறதுன்னு எல்லாமே என் தலையிலதான். யூசி போகலைன்னா அடுத்த தவணை வராது, அதனால ப்ராஜெக்ட்டை நடத்துன சாரும் "நீயே பாத்துக்கோம்மா"ன்னு விட்டுடுவார்.

இந்த போஸ்டுக்கு கேட்டது, வெளி நிதி ப்ராஜெக்ட் நிர்வாகத்துல அஞ்சு வருஷ அனுபவம். நமக்குன்னே போட்ட விளம்பரம்னு நினைச்சேன். அப்ளிகேஷனைச் சரிபார்க்குற ஸ்க்ரூட்டினியிலருந்து போன் வருது, "மேடம், உங்க சர்ட்டிபிகேட்ல ரிசர்ச் பண்ணீங்கன்னுதான் இருக்கு, அட்மினிஸ்ட்ரேஷன் எங்க? பத்து நாள்ல மாத்தி அனுப்புங்க." எடுத்துப் பார்த்தா மொத்தமே நாலு வரி. சேர்ந்த தேதி, போன தேதி, நன்னடத்தை. ஆறு வருஷமும் நல்ல பொண்ணா இருந்திருக்கேன், அவ்ளோதான்.

நைட் பஸ் புடிச்சு பழைய யுனிவர்சிட்டிக்குப் போனேன். செக்‌ஷன் கிளார்க் பேப்பரைக்கூட வாங்கல, "ப்ராஜெக்ட் ஸ்டாப்புக்கு நாங்க குடுக்கறதில்ல, உங்க சார்கிட்டயே வாங்கிக்கங்க." சார் ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் ஆச்சு. அவர் வீட்டுக்குப் போய் விவரமா எழுதி வாங்கிட்டு வந்தா, "ரிட்டயர் ஆனவர் கையெழுத்து செல்லாது, ஹெச்ஓடி ஃபார்வர்ட் பண்ணணும்." ஹெச்ஓடி புதுசு. "நீங்க வேலை பார்த்தப்ப நான் இங்க இல்லையேம்மா, எதை வச்சு கையெழுத்து போடறது?" அவரைத் தப்பு சொல்ல முடியாது. ஆனா அந்த கிளார்க் சிரிச்சுக்கிட்டே "ரிசர்ச் மேனேஜரா, அப்படியெல்லாம்கூட ஒரு வேலை இருக்கா?"ன்னு கேட்டார் பாருங்க, அதுதான் தாங்கல. அமெரிக்காவுல இந்த வேலை பாக்குறவங்க 1959-லயே என்சியூஆர்ஏன்னு சங்கம் ஆரம்பிச்சுட்டாங்க சார்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, காரியம் கெட்டுடுமேன்னு முழுங்கிட்டேன். அன்னிக்கு வெறுங்கையோட திரும்பிட்டேன்.

பஸ்ல வரும்போதுதான் பொறி தட்டுச்சு. யூசி பைல் நோட் ஷீட்ல எல்லாம் கீழ ஓரமா என் இனிஷியல் இருக்குமே! அடுத்த வாரம் ஹெச்ஓடியை விட்டுட்டு நேரா பைனான்ஸ் செக்‌ஷன் சூப்பரிண்டெண்ட் அம்மாகிட்ட போனேன். என்னைப் பார்த்ததுமே "வந்துட்டியா, ஏப்ரலுக்கு ஏப்ரல் என் உயிரை வாங்கினவளே"ன்னு சிரிச்சாங்க. அந்த ஒரு வார்த்தைக்கு முன்னாடி சர்ட்டிபிகேட்டெல்லாம் எம்மாத்திரம். அவங்களே ரெண்டு பைலை தூசி தட்டி எடுத்து, ஜெராக்ஸ் போட்டு, "கணக்கு பாத்தது இவங்கதான்"னு நோட் எழுதிக் குடுத்தாங்க. ஹெச்ஓடி மறுபேச்சு இல்லாம கையெழுத்து போட்டார், ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் சீல் மறுநாள் விழுந்துச்சு. கெடு முடிய ஒரு நாள் பாக்கி.

ப்ராஜெக்ட்ல இருக்குறவங்க தயவுசெஞ்சு கேட்டுக்கங்க, சார் ரிட்டயர் ஆகுறதுக்கு முன்னாடியே சர்ட்டிபிகேட் வாங்கிடுங்க. டெசிக்னேஷன் மட்டும் பத்தாது, சாங்ஷன் ஆர்டர் நம்பர், தொகை, நீங்க என்னென்ன பாத்தீங்க, யூசி, பர்ச்சேஸ், எதிக்ஸ் எல்லாம் வரி வரியா இருக்கணும். டிராப்டை நீங்களே டைப் பண்ணிக் கொண்டுபோங்க, அவங்களா எழுதினா நன்னடத்தைதான் வரும். லெட்டர் குடுத்தா, அவங்க வாங்கிக்கிட்டதுக்கு அடையாளமா இன்வர்ட் நம்பர் வாங்காம நகராதீங்க. பைனான்ஸ் செக்‌ஷன்ல யாரையும் பகைச்சுக்காதீங்க.

இன்னிக்கு புது ஆபீஸ்ல முதல் பைல் குடுத்தாங்க. போன வருஷ யூசி, இன்னும் போகல, வட்டி கட்டின சலானைக் காணோம்.