தனுஷ்கோடி மணல் தின்ற செயின்

தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்கு எப்போது போகலாம், எங்கே சாப்பிடலாம், எவ்வளவு செலவாகும் என்று வரிசையாக எழுதத்தான் நினைத்திருந்தேன். அது அப்புறம். கோபம் ஆறுவதற்குள் என் பைக் செயின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

முகுந்தராயர் சத்திரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் கடல், நடுவில் 2017-இல் திறந்த தார்ச்சாலை. அந்த அழகுக்கு ஈடே இல்லை. அடுத்தடுத்து மூன்று நாள் போனேன். ஆனால் காற்றில் மணல் சாலையைக் குறுக்கே கடந்து ஓடிக்கொண்டே இருக்கும். கிளம்பும் முன் செயினுக்குத் தாராளமாக ஆயில் விட்டிருந்தேன், அதுவே வினையாகப் போனது. மூன்றாம் நாள் சாயங்காலம் தங்கச்சிமடம் வரும்போது கடகடவென்று சத்தம். இறங்கித் தொட்டுப் பார்த்தால் கறுப்புக் களிம்பு. விரலில் தேய்த்தால் ரவை மாதிரி நறநறத்தது.

வழியில் ஒரு பட்டறையில் காட்டினேன். "செயின் மட்டும் மாத்துனா போதும் தம்பி, 2,800 ஆகும்" என்றார். என் வண்டி 150 சிசி, அதற்கு அந்த விலையா? வெளியூர் நம்பர் பிளேட்டைப் பார்த்துச் சொன்ன விலை அது. அதைவிட எரிச்சல், "செயின் மட்டும்" என்றது. தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில், அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தில், புதுச் செயினைப் போட்டால் பல் அதையும் சீக்கிரமே தின்றுவிடும். மாற்றினால் முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட், செயின் மூன்றையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். வேண்டாம் என்று கிளம்பிவிட்டேன்.

பாம்பன் பாலத்தை முப்பதில் உருட்டிக் கடந்தேன். 2025-இல் திறந்த புது ரயில் பாலம் பக்கத்திலேயே நின்றது. செயின் எப்போது அறுமோ என்ற பயத்தில் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

உச்சிப்புளியில் மாமா வீடு. மீன்பிடி வல்லத்து இன்ஜினைப் பிரித்து மாட்டுகிற கை அவருக்கு. "இதுக்குப் போய் கடைக்கு எதுக்கு மாப்ள? வாசல்லயே மாத்திருவோம்" என்றார். மறுநாள் பஸ் பிடித்து ராமநாதபுரம் போய் செயின் செட் வாங்கி வந்தேன், 1,350 ரூபாய். திரும்பி வந்தால் அத்தை பாறை மீன் குழம்பும் கணவாய் வறுவலும் செய்து வைத்திருந்தார். புளியும் மிளகாயும் அப்படி ஒரு சேர்மானம், இந்தப் பயணத்தில் காசு கொடுத்துச் சாப்பிட்ட எதுவும் அதன் பக்கத்தில் வராது. மூன்று தடவை சோறு வாங்கினேன்.

சரி, வேலைக்கு வருகிறேன். பழைய செயினைக் கழற்றும் முன்பே வண்டியைக் கியரில் போட்டு, பின் பிரேக்கை மிதித்துக்கொண்டு முன் ஸ்ப்ராக்கெட் போல்ட்டைத் தளர்த்திவிட வேண்டும். செயின் போய்விட்டால் ஸ்ப்ராக்கெட் சும்மா சுற்றும், ஸ்பேனர் பிடிக்காது. அதை மாமாதான் சொன்னார். அப்புறம் செயினின் இரு முனையையும் பூட்டியிருக்கும் லாக் கிளிப்பைக் கொறடால் தள்ளிச் செயினை உருவினோம்.

பின் சக்கரத்து நடுவில் ஓடும் ஆக்சில் கம்பிதான் படுத்திவிட்டது. உப்புக்காற்றில் துரு ஏறி இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, நட்டைத் திருப்பி மாட்டி, மரக்கட்டை வைத்துத் தட்டினோம். நேரே சுத்தியலால் அடித்தால் மரை கெட்டுவிடும். வெளியே வந்த புஷ் வளையங்களையெல்லாம் இடது, வலது மாறாமல் பழைய பேப்பரில் வரிசையாக வைத்தேன்.

பழைய செயினை அளந்து பார்த்தேன். என் வண்டியின் 428 சைஸ் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் 12.7 மில்லிமீட்டர். 20 கண்ணிக்கு 254 வர வேண்டும், 261 வந்தது. இரண்டையும் பக்கவாட்டில் தூக்கிப் பிடித்தால் புதுசு விறைப்பாக நின்றது, பழசு வில்லாக வளைந்து தொங்கியது. பின் ஸ்ப்ராக்கெட்டின் பல்லெல்லாம் கொக்கி மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இதில்தான் புதுச் செயினை மாட்டியிருப்பார்கள்!

புது செட்டை மாட்டும்போது கவனிக்க வேண்டியது லாக் கிளிப். அதன் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், பிளந்த பக்கம் பின்னால். மாற்றிப் போட்டால் எதிலாவது இடித்துக் கிளிப் தெறித்துவிடும். சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்தும் அட்ஜஸ்டரின் கோட்டை இரண்டு பக்கமும் சமமாக வைத்து, செயின் தொய்வை 25 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்து ஆக்சில் நட்டை முறுக்கினோம். கியர் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மிச்சத்தைத் துணியால் அழுத்தித் துடைத்தோம். இந்தக் கடற்கரையில் ஈரமாக விட்டால் மறுபடி மணல்தான் ஒட்டும்.

மொத்தம் மூன்று மணி நேரம். பஸ் காசு சேர்த்தும் 1,450-க்குள் முடிந்தது.

மறுநாள் தேவிபட்டினம் வழியாகத் தொண்டி வரை சத்தமே இல்லை. புதுச் செயின் முதலில் கொஞ்சம் தளரும், வழியில் ஒரு தடவை பார் என்று மாமா சொல்லி அனுப்பியிருந்தார். தொண்டியில் டீ சொல்லிவிட்டு ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், தொய்வு 35 மில்லிமீட்டர் இருந்தது. டீ வருவதற்குள் ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் சமமாக முறுக்கி, நட்டை மறுபடி இறுக்கிவிட்டேன்.